குடைக்கம்பியில் தொங்கிய அண்டா

என் பெயர் தண்டாயுதபாணி. கல்யாணச் சமையல்காரன். சங்ககிரியைச் சுற்றி எந்த ஊரில் பந்தல் போட்டாலும் ஒரு காலத்தில் என் கரண்டிதான் முதலில் போய் இறங்கும். எனக்குக் கோபம் அதிகம் என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. இருக்கத்தான் செய்யும். எண்ணூறு பேருக்கு ஆக்கிப் போட்டுவிட்டு வந்து பேசச் சொல்லுங்கள், அப்புறம் பார்க்கலாம் அவர்கள் பொறுமையை. அதிலும் பாத்திர வாடகைக் கடைக்காரர்களை அந்த நாளில் நான் விட்ட சாபமெல்லாம் பலித்திருந்தால் சேலம் ஜில்லாவில் ஒரு கடை மிஞ்சியிருக்காது.

பின்னே என்ன? அரை மூட்டை அரிசி வேகிற அண்டா கேட்டால் கால் மூட்டை வேகிற அண்டா வரும். ஈயப் பூச்சுப் போன பித்தளைக் குண்டாவை அனுப்பிவிட்டு, புளிக்குழம்பு பச்சையேறிப்போனால் சமையல்காரன் கைமணம் சரியில்லை என்பார்கள். கஞ்சி வடிக்கிற நேரத்தில் சல்லடையைத் தேடினால், "அது நேத்தே திருச்செங்கோடு போயிருச்சுங்களே" என்று பதில் வரும். எரியும் அடுப்புக்கு முன்னால் நின்றுகொண்டு இதையெல்லாம் கேட்டால் சாமியாருக்கும் வாய் நீளும்.

என் வாயை அடக்கியவள் ஒருத்தி உண்டு. பெயர் கண்ணாத்தாள். அவளைப் பற்றிச் சொல்லச் சொல்லி யாரும் என்னைக் கேட்கவில்லை, நானாகத்தான் சொல்கிறேன். சொல்லாமல் இருந்தால் சாப்பிட்டது செரிக்காது.

சங்ககிரி லாரிப்பேட்டைக்குப் பின்தெருவில் அத்தாயி என்ற அம்மாள் பாத்திரக் கடை வைத்திருந்தாள். அண்டா, குண்டா, தவலை, ஜமுக்காளம், குத்துவிளக்கு, பந்திப்பாய் எல்லாம் வாடகைக்கு. எது எந்த ஊருக்குப் போயிருக்கிறது, எப்போது திரும்பும் என்பது முழுக்க அவள் மண்டையில்தான் இருந்தது. காகிதத்தில் ஒரு கோடு கிடையாது. இருபது வருஷம் அப்படியே ஓட்டினாள், கெட்டிக்காரி. ஆனாலும் ஆனைக்கும் அடி சறுக்கும். எழுபத்தேழு ஆவணியில் ஒரே முகூர்த்தத்துக்கு ஒரே ஜமுக்காளத்தை இரண்டு வீட்டுக்கு ஒப்புக்கொண்டுவிட்டாள். இரண்டு வீட்டு மாமன்மாரும் கடை வாசலில் ஜமுக்காளத்தின் ஆளுக்கொரு முனையைப் பிடித்து இழுத்ததை நான் கண்ணால் பார்த்தேன். நடுவில் கிழிந்தது ஜமுக்காளம் மட்டுமல்ல, அத்தாயியின் பெயரும்தான்.

அந்த ஐப்பசியில்தான் அவள் மகன் மருதாசலத்துக்குக் கல்யாணம் ஆனது. அவன் லாரி டிரைவர். கல்கத்தாவுக்கு லோடு ஏற்றிப் போனால் மாசக்கணக்கில் வரமாட்டான். கட்டிக்கொண்டு வந்த பெண் கண்ணாத்தாள், பள்ளிபாளையத்துக்காரி. பத்தாவது முடித்துவிட்டு ஒரு மில்லின் ஸ்டோர் ரூமில் ஒரு வருஷம் வேலை பார்த்தவள். அத்தாயிக்கு இதெல்லாம் ஒரு பொருட்டில்லை. ஊருக்கு வெளியே அவர்களுக்கு ஒரு தோட்டம், அதில் ஆறேழு எருமை. மருமகள் வந்தால் தோட்டத்துச் சாளைக் குடிசையில் தங்கி எருமைகளைப் பார்த்துக்கொள்வாள், கடையைத் தான் பார்த்துக்கொள்ளலாம் என்று அத்தாயி முன்னமே கணக்குப் போட்டு வைத்திருந்தாள்.

"எருமையக் கண்டாலே எனக்கு ஆகாதுங்கண்ணா. அதுக என்னயப் பாத்து மொறைக்குதுங்க" என்று என்னிடம் சொன்னாள் கண்ணாத்தாள். "இந்தக் கடைல இருக்கறதுன்னா ராவும் பகலும் இருப்பேனுங்க."

சொன்னது நிஜம்தான். கடைக்குள் வந்தால் அவள் முகமே வேறு. ஒவ்வொரு பாத்திரத்தையும் தட்டித் தட்டிச் சத்தம் கேட்பாள். எனக்கு அதைப் பார்த்தே அவளைப் பிடித்துப்போயிற்று. பாத்திரத்தைத் தட்டிப் பார்க்காமல் வாங்குகிற ஆளை நான் மனுஷனாகவே மதிப்பதில்லை.

ஜமுக்காளச் சண்டையைக் கேள்விப்பட்டவள் மாமியாரிடம் போய், "ஏனுங்க அத்தை, எல்லாத்துக்கும் ஒரு அட்டை போட்டு வச்சுக்கலாமுங்களா? மில்லுல அப்பிடித்தான் வச்சிருந்தாங்க" என்று கேட்டிருக்கிறாள். கிழிந்த ஜமுக்காளம் அத்தாயியின் மனதை அறுத்துக்கொண்டிருந்தது. கடைசியில் என்னைச் சாட்சியாக வைத்துக்கொண்டு தீர்ப்புச் சொன்னாள்.

"தையிலிருந்து வைகாசி முட்டும் உன்ற அட்டைய வச்சு நடத்து. ஒரு கல்யாணத்துக்குச் சொன்ன சொல்லு தப்புச்சுன்னா, அட்டையெல்லாம் அடுப்புல போட்டுட்டு நீ தோட்டத்துக்குப் போயிரோணும். பொறவு கடையப் பத்தி ஒரு பேச்சுப் பேசக் கூடாது."

"செரிங்க அத்தை" என்றாள் கண்ணாத்தாள்.

மார்கழி முழுக்க எண்ணிக்கை நடந்தது. பரணில் இருந்ததையும் கொட்டகையில் இருந்ததையும் இறக்கி வாசலில் பரப்பினார்கள். அத்தாயி "லாபம், ரெண்டு, மூணு" என்று எண்ணுவாள். எந்த வியாபாரியும் முதலாவதை ஒன்று என்று சொல்லி ஆரம்பிக்க மாட்டானே. மருமகள் ஒவ்வொன்றுக்கும் ஓர் அட்டை எழுதுவாள். அப்பனிடம் சொல்லி, பள்ளிபாளையத்திலிருந்து கழிவு அட்டையை எடைக்கு வாங்கி வரச் செய்திருந்தாள். எல்லாம் ஒரே அளவாக வெட்டி, நாலு ஓரத்திலும் வரிசையாக ஓட்டை போட்டாள். இரண்டு கையிலும் கொப்புளம். எனக்கு மசால் வடைக்குப் பருப்பு அரைத்துக் கொப்புளம் வந்திருக்கிறது. அட்டையில் ஓட்டை போட்டுக் கொப்புளம் வந்த பெண்ணை அன்றுதான் பார்த்தேன்.

"இதென்ன அம்மிணி, கரையான் அரிச்சாப்பல?" என்றேன்.

"சித்த நேரம் உக்காந்து பாருங்கண்ணா" என்றாள்.

உட்கார்ந்தேன். அவள் காட்டிய வித்தை இதுதான். இடது ஓரத்து ஓட்டை ஒவ்வொன்றும் ஒரு சாமான்: இது அண்டா, இது குண்டா, இது விளக்கு. வலது ஓரம் அளவுக்கு. மேல் ஓரத்து ஓட்டைகள் அந்தப் பருவத்து முகூர்த்தத் தேதிகள். அண்டாவின் அட்டை என்றால், அண்டா ஓட்டையைக் கத்தரியால் ஓரம் வரைக்கும் வெட்டித் திறந்துவிடுவாள். இப்போது எல்லா அட்டையையும் ஒரு கட்டாக அடுக்கி, அந்த ஓட்டை வழியாக ஒரு பழைய குடைக்கம்பியை விட்டுத் தூக்கி உலுக்கினால், வாய் திறந்த அட்டைகள் மட்டும் பொலபொலவென்று கீழே விழும். விழுந்ததெல்லாம் அண்டா. அதைப் பொறுக்கி, அளவு ஓட்டையில் அதே மாதிரி ஓர் உலுக்கல். விழுந்தது அரை மூட்டை அண்டா. அதை எடுத்து மேலே தேதி ஓட்டையில் கம்பியை விட்டால், அந்தத் தேதிக்கு முன்னமே வாக்குக் கொடுத்தது விழுந்துவிடும், ஏனென்றால் வாக்குக் கொடுத்த அன்றே அந்த ஓட்டையை வெட்டிவிடுவாள். கம்பியில் தொங்குவது எதுவோ அது நமக்கு. பருவம் முடிந்ததும் வெட்டின இடத்தில் பசை தடவிக் காகிதத்தை ஒட்டிவிட்டால் அட்டை மறுபடி புதுசு.

போன மாசம் ஈரோட்டில் ஒரு கடையில் கம்ப்யூட்டர் என்று ஒன்றைக் காட்டினார்கள். பித்தானைத் தட்டினால் சரக்கு இருப்பை எழுதிக் காட்டியது. எல்லாரும் வாயைப் பிளந்தார்கள். எனக்குச் சிரிப்பு வந்தது. இதைத்தான் கண்ணாத்தாள் பத்து வருஷம் முன்னால் ஒரு குடைக்கம்பியில் செய்தாள் என்றேன், எவனும் நம்பவில்லை. நம்பாமல் போகட்டும்.

தை பிறந்தது. முகூர்த்தத்துக்கு முகூர்த்தம் அட்டை சொன்னது சொன்னபடி நடந்தது. நான் போய், "மாசி ரெண்டாவது முகூர்த்தத்துக்கு மூணு தவலை வேணும் அம்மிணி" என்பேன். கம்பியை விடுவாள், உலுக்குவாள், "நாலு தொங்குதுங்கண்ணா, எது வேணும்?" என்பாள். கீழ் ஓரத்தில் ஓர் ஓட்டையை ஈயத்துக்கென்றே ஒதுக்கிவிட்டாள். ஈயம் போனதெல்லாம் ஓர் உலுக்கலில் விழுந்துவிடும், அடுத்த நாளே ஈயம் பூசப் போய்விடும். அந்தப் பருவம் முழுக்க என் புளிக்குழம்பு ஒருநாள்கூடப் பச்சையேறவில்லை. சந்தோஷத்தில் அவளுக்கு ஒரு தூக்குப்போசி நிறைய ஒப்புட்டு, நீங்கள் போளி என்பீர்களே அது, கொண்டுபோய்க் கொடுத்தேன். நான் யாருக்கும் சும்மா ஒப்புட்டு கொடுக்கிறவன் அல்ல. அத்தாயிகூட ஒருநாள் யாரும் பார்க்காத நேரத்தில் கம்பியை எடுத்து உலுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும், "ஒட்டடை அடிச்சேன்" என்றாள். அட்டையில் ஏது ஒட்டடை.

வைகாசி வந்தது. கடைசி முகூர்த்தம் பெரிய முகூர்த்தம். அன்றைக்கு இந்தப் பக்கத்தில் கல்யாணம் இல்லாத தெரு இல்லை. நாலு மைல் தள்ளி இருந்த பாலசுந்தரம் என்கிற பண்ணையக்காரர், தன் ஒரே மகளுக்குத் தோட்டத்திலேயே பந்தல் போட்டு எண்ணூறு பேருக்கு விருந்து வைக்கிறார். சமையல் நான். கடையில் அரை மூட்டை அண்டா மொத்தம் இரண்டு. ஒன்று ஜேடர்பாளையத்துக் கல்யாணத்துக்கு ஒப்புக்கொண்டாகிவிட்டது. அட்டையை உலுக்கினால் இன்னொன்று அழகாகக் கம்பியில் தொங்குகிறது. கண்ணாத்தாள் வெற்றிலை பாக்கு வாங்கிக்கொண்டு வாக்குக் கொடுத்தாள்.

கல்யாணத்துக்கு முதல் நாள் மத்தியானம் மாட்டுவண்டியோடு நான் போனேன். கடை ஏறக்குறையக் காலியாகிக் கிடந்தது. மூலையில் ஒரு தவலை, ஒரு குத்துவிளக்கு, ஒரு ஜமுக்காளம், அவற்றோடு அந்த அண்டா கவிழ்த்து வைத்திருந்தது. நானும் வண்டிக்காரரும் இரண்டு பக்கமும் பிடித்துத் தூக்கப் போனோம்.

"அத எங்க தூக்கறீங்க?" என்றாள் அத்தாயி.

"பாலசுந்தரத்து ஊட்டுக்குங்க" என்றேன்.

"அது போவாது. கடைல ஒவ்வொண்ணுலயும் ஒண்ணு நிக்கோணும். அரிசிப் பானையத் தொடைச்சு எடுக்கற ஊடு உருப்படுமா? கடையும் அப்பிடித்தான். இருவது வருசத்துல அந்த ஒண்ணை நான் யாருக்கும் குடுத்ததில்ல."

கண்ணாத்தாளுக்கு முகம் செத்துவிட்டது. "எண்ணும்போது இதையும் சேத்துத்தானுங்களே அத்தை எண்ணுனீங்க?"

"எண்ணச் சொன்ன, எண்ணுனேன். குடுக்கச் சொல்லிக் கேட்டியா? இது ஊருக்கே தெரிஞ்சது, இதையும் ஒருத்தர் சொல்லோணுமா?"

அது நியாயமான பேச்சுதான். எங்கள் வீட்டிலும் அரிசிப் பானையில் ஒரு பிடி விட்டுத்தான் எடுப்போம். யாரும் யாருக்கும் சொல்லிக் கொடுத்ததில்லை. அட்டைக்கு மட்டும் யார் சொல்லியிருக்கப் போகிறார்கள்? இத்தனை நாளும் சாமான் ஏராளமாக இருந்ததால் கடைசி ஒன்றுக்குப் பேச்சே வரவில்லை. அன்று வந்துவிட்டது. ஈரோடு வரைக்கும் ஆள் விட்டாலும் அந்த அளவில் ஓர் அண்டா கிடைக்காது. சின்ன அண்டாக்கள் எல்லாம் வெளியே போயாகிவிட்டன. எனக்கு வந்த கோபத்தில் மாமியார், மருமகள், பாலசுந்தரம், அவர் மகள், அந்த வைகாசி மாசம் எல்லாரையும் சேர்த்துத் திட்டினேன்.

அத்தாயி திட்டவில்லை. அதுதான் பயமாக இருந்தது. "நான் சொன்னது ஞாபகம் இருக்கா அம்மிணி?" என்று மட்டும் கேட்டாள். அவள் குரலிலும் சந்தோஷம் இல்லை. வாக்குத் தப்பினால் போவது அவள் கடையின் பெயரும்தானே.

கண்ணாத்தாள் அழுவாள் என்று நினைத்தேன். அவள் அண்டாவைப் பார்த்தாள், வாசலைப் பார்த்தாள். வாசலில் அவள் புருஷன் லாரி நின்றது. நல்லவேளை, மருதாசலம் அந்த வாரம் ஊரில் இருந்தான்.

"ஏனுங்க அத்தை, அண்டா கடைய உட்டுப் போகக் கூடாது. அவ்வளவுதானுங்களே?"

"அவ்வளவுதான்."

"அண்டா இங்கயே இருக்கட்டுமுங்க. சோறு போகட்டும்."

எனக்கு ஒரு கணம் புரியவில்லை. புரிந்ததும் மறுபடி கோபம் வந்தது. "பந்தல்ல அடுப்பு எரியாத கல்யாணமா? எந்த ஊர் வழக்கம் இது? சோறு என்ன லோடா, லாரில ஏத்தறதுக்கு?"

"கொழம்பும் ரசமும் பந்தல்லயே கொதிக்கட்டுமுங்கண்ணா, அடுப்பும் எரியும். சோறு மட்டும் இங்க. வெள்ளைத்துணி விரிச்சுக் கூடைல கொட்டி, எலை போட்டு மூடுனா ஒரு மணி நேரம் ஆவி அடங்காதுங்க. நீங்க ஆக்கற சோறுதானுங்களே?"

கடைசி வார்த்தையில்தான் விழுந்தேன். கைகாரி. அத்தாயி தாடையில் கை வைத்துக்கொண்டு நின்றாள். அண்டா போகக் கூடாது என்றுதான் சட்டம், அதில் அடுப்பேற்றக் கூடாது என்று ஒரு சட்டமும் இல்லை. "வெறகு கொட்டகைல கெடக்குது" என்றாள். அதுதான் உத்தரவு.

பாலசுந்தரத்திடம் நானே போய்ச் சொன்னேன். "சோறு ஆறிப்போயிருமுங்களே?" என்று இழுத்தார். "ஆறிப்போனா என்ற கூலி வேண்டாமுங்க" என்று சொல்லிவிட்டு வந்தேன். ரோஷம் வந்தால் என் வாய் என் பேச்சைக் கேட்காது.

பந்தலில் குழம்பையும் ரசத்தையும் என் தம்பி குழந்தைவேல் பார்த்துக்கொண்டான். நான் கோழி கூப்பிட எழுந்து கடை வாசலில் அடுப்பு மூட்டினேன். அக்கம்பக்கத்துப் பெண்கள் எல்லாம் வந்து அரிசி களைந்து கொடுத்தார்கள். லாரிப்பேட்டை கிளீனர்கள் லாரியைக் கழுவிவிட்டு வைக்கோல் பரப்பினார்கள். முதல் ஈடு வெந்து கஞ்சி வடித்துக் கூடையில் கொட்டியபோது, ஆவியில் எதிரே நின்ற கண்ணாத்தாள் தெரியவில்லை. சிரிப்புச் சத்தம் மட்டும் கேட்டது.

மருதாசலம் லாரி ஓட்டுவதை நீங்கள் பார்த்ததில்லை. முன்னால் போகிற வண்டியை முந்தாவிட்டால் அவனுக்குத் தூக்கம் வராது. அவன் அன்றைக்கு ஓட்டிய ஓட்டில் ஒரு மாட்டுவண்டி எங்களை முந்திக்கொண்டு போயிற்று. வண்டிக்காரன் திரும்பிப் பார்த்து, "ஏனுங்க, வண்டி ரிப்பேருங்களா?" என்று கேட்டான். "சோறு வருதுங்க, வழிய உடுங்க" என்று பின்னாலிருந்து கண்ணாத்தாள் கத்தினாள். கூடைகளுக்கு நடுவில் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு, கோழி குஞ்சுகளை அணைக்கிற மாதிரி உட்கார்ந்திருந்தாள்.

பந்தலில் முதல் பந்தி உட்கார்ந்துவிட்டது. இலை போட்டுத் தண்ணீர் தெளித்தாகிவிட்டது. பாலசுந்தரம் வழியையே பார்த்துக்கொண்டு நின்றார். கூடையின் மேல் துணியை விலக்கினேன். ஆவி குப்பென்று கிளம்பி முன்வரிசைப் பெருசுகளின் முகத்தில் அடித்தது. இலையில் சோறு விழுந்ததும் ஒருவர் கை சுட்டு, விரலை உதறினார். அந்த உதறலைப் பார்த்த சந்தோஷத்தை எந்தச் சம்பளமும் எனக்குக் கொடுத்ததில்லை. பருப்பும் நெய்யும் விட்டுப் பிசைந்தார்கள், அப்புறம் ஒரு பேச்சுச் சத்தம் இல்லை. பாலசுந்தரம் கண்ணாத்தாளின் கையைப் பிடித்துக்கொண்டு, "வாக்கக் காப்பாத்திட்ட சாமி" என்றார்.

லாரி மறுபடியும் கடைக்குப் போனது. அங்கே இரண்டாவது ஈட்டுக்கு விறகு தள்ளிக்கொண்டு, வியர்வை வழிய அண்டாவுக்குக் காவல் உட்கார்ந்திருந்தவள் அத்தாயி. கடைசி ஈட்டுக் கூடையோடு அவளும் லாரியில் ஏறி வந்து கடைசிப் பந்தியில் உட்கார்ந்தாள். இரண்டு தரம் சோறு கேட்டு வாங்கினாள். "நம்ம அண்டாச் சோறு" என்று பக்கத்து இலைக்காரியிடம் சொன்னதை நான் கேட்டேன்.

பொழுது சாயக் கடைக்குத் திரும்பினோம். அண்டாவைத் தேய்த்து அதே மூலையில் கவிழ்த்தார்கள். அத்தாயி உட்கார்ந்து, "கத்தரியக் கொண்டா. அட்டைகளயும் கொண்டா" என்றாள்.

எனக்குத் திக்கென்றது. வாக்கைக் காப்பாற்றியாகிவிட்டது, ஆனால் அட்டை தப்பினது தப்பினதுதானே. கண்ணாத்தாள் எடுத்து வந்து வைத்தாள்.

"அந்த அண்டாவோட அட்டை எது?"

எடுத்துக் கொடுத்தாள். அத்தாயி அதை வாங்கி, மேல் ஓரத்துத் தேதி ஓட்டைகளை ஒவ்வொன்றாக வெட்டினாள். ஒன்று பாக்கியில்லாமல் கடைசி வரைக்கும் வெட்டினாள். "இனி எந்தத் தேதிக்கு உலுக்குனாலும் இது உழுந்துரும் அல்லோ?"

"ஆமாங்க அத்தை" என்றாள் கண்ணாத்தாள்.

அத்தாயி நிறுத்தவில்லை. தவலையில் ஒன்று, குத்துவிளக்கில் ஒன்று, ஜமுக்காளத்தில் ஒன்று என்று வகைக்கு ஓர் அட்டையைக் கேட்டு வாங்கி மேல் ஓரத்தை வெட்டினாள். எந்தச் சாமான் எந்த அட்டை என்று கண்ணாத்தாள் சொல்லவே வேண்டியிருக்கவில்லை, பாதியை அத்தாயியே எடுத்தாள். எல்லாம் முடிந்ததும், "எழுதாத அட்டை ஒண்ணு எடு" என்றாள்.

எடுத்துக் கொடுத்தாள்.

"அதுல உன்ற பேர எழுது."

கண்ணாத்தாள் எழுதினாள். அத்தாயி அதை வாங்கி, மடியில் வைத்து, மேல் ஓரத்து ஓட்டைகளை நிதானமாக வெட்டினாள். ஒன்றையும் விடவில்லை. வெட்டி முடித்து மருமகளிடம் நீட்டினாள்.

"இதையுங் கட்டுல சேத்து வெய்யி. எந்தத் தேதிக்கு எவன் வந்து கேட்டாலுஞ் செரி, கடைய உட்டுப் போறதில்ல."

கண்ணாத்தாள் அதை வாங்கி அட்டைக் கட்டோடு சேர்த்து வைத்தாள். அழுதுகொண்டேதான் வைத்தாள்.